முகமூடி வீரனும் முகம் மறைக்காதவர்களும்

கொடியவர் ஆட்சியில் குடிமக்கள் துன்புறும்போது, எங்கிருந்தோ ஒரு வீரன் தோன்றி அவர்களைக் காப்பாற்றும் கதை இல்லாத மொழி இல்லை. அவ்வீரன் தன் பெயரையும் முகத்தையும் மறைத்துக்கொண்டு வந்தால் கதையின் சுவை இன்னும் கூடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1957 முதல் 1959 வரை எழுபத்தெட்டு வாரக் கதைகளாக ஒளிபரப்பான 'ஸோரோ' அத்தகைய தொடர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு நரி என்று பொருள். வால்ட் டிஸ்னி நிறுவனம் தயாரித்த அத்தொடர் பல நாட்டுச் சிறுவர்களைக் கவர்ந்தது. அதன் முதற்கதையை வரலாற்றின் அருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1957 அக்டோபர் 10 அன்று ஒளிபரப்பான அம்முதற்கதை 1820ஆம் ஆண்டில் நிகழ்கிறது. அன்று கலிபோர்னியா ஸ்பானிய அரசின் ஆளுகையில் இருந்தது. ஸ்பெயினில் கல்வி கற்ற தியேகோ என்னும் செல்வந்தர் வீட்டு இளைஞன், தந்தையின் அழைப்பை ஏற்றுக் கப்பலில் ஊர் திரும்புகிறான். லாஸ் ஏஞ்சலிஸில் மொனஸ்தாரியோ என்னும் படைத்தலைவன் கொடுங்கோலனாக ஆள்வதை வழியிலேயே அறிகிறான். வாட்போரில் தான் வென்ற பரிசுகளை அப்புறப்படுத்திவிட்டு, ஏடும் பாட்டுமே கதியெனக் கிடக்கும் கோழையைப்போல் நடிக்கத் தீர்மானிக்கிறான். வாய் பேச இயலாத பணியாளன் பெர்னார்தோ, தனக்குக் காதும் கேளாதென நடித்து எசமானனுக்குத் துணையாகிறான். ஊர் வந்ததும், தொர்ரெஸ் என்னும் நிலக்கிழாரைத் துரோகக் குற்றஞ்சாட்டிப் படைத்தலைவன் சிறையிடுகிறான். பகலில் கோழையாய் நின்று தந்தையின் மனத்தை நோகச் செய்த மகன், இரவில் கறுப்பு முகமூடியணிந்து சென்று தொர்ரெஸைச் சிறை மீட்கிறான்.

இக்கதைக்கு வித்திட்டவர் ஜான்ஸ்டன் மெக்கல்லி என்னும் அமெரிக்க எழுத்தாளர். 1919இல் ஒரு வார இதழில் தொடர்கதையாக அவர் எழுதியதை அடுத்த ஆண்டே டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் ஊமைப் படமாக்கினார். அங்கிருந்துதான் ஸோரோவின் புகழ் உலகெங்கும் பரவிற்று. ஸோரோ என்றொருவர் வரலாற்றில் வாழ்ந்ததில்லை. ஆனால் அவன் உலவிய ஊர் உண்மையானது. அங்கு நிகழ்ந்த அநீதியும் உண்மையானது.

காஜியின் பெயரில் ஒரு பதவி

லாஸ் ஏஞ்சலிஸ் 1781இல் நாற்பத்து நான்கு குடியேறிகளைக் கொண்டு நிறுவப்பட்டது. 1820இல் அது சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த சிற்றூர். தொலைக்காட்சியில் நாம் காணும் படைக்கோட்டை அவ்வூரில் இருந்ததில்லை. ஸ்பானியர் கலிபோர்னியாவில் கட்டிய கோட்டைகள் சான் தியேகோ, மான்டெரே, சான் பிரான்சிஸ்கோ, சாந்தா பார்பரா என நான்கே. சாந்தா பார்பராக் கோட்டையின் அதிகாரத்திற்குட்பட்டே லாஸ் ஏஞ்சலிஸ் இருந்தது.

அவ்வூரில் சிறு வழக்குகளைத் தீர்த்துவைக்க 'அல்கால்தே' என்னும் அதிகாரி ஒருவர் இருந்தார். இச்சொல் நமக்கு அந்நியமானதன்று. நீதிபதியைக் குறிக்கும் 'அல்காதி' என்ற அரபுச் சொல்லே ஸ்பெயினில் இவ்வாறு உருமாறியது. நாம் காஜி என்று வழங்குவதும் அதுவே. வெயிலில் உலர்த்திய மண்கல்லைக் குறிக்கும் 'அடோபி', நீர்க்காலைக் குறிக்கும் 'அசேகியா' ஆகியவையும் அரபு மொழியிலிருந்து ஸ்பானியம் பெற்ற சொற்களே. 1492இல் கிரானடா வீழ்ந்த பின்னரும், அந்தலூசிய முஸ்லிம்களின் சொற்கள் பெருங்கடலைத் தாண்டிப் புதிய கண்டத்தில் வீடுகட்டி, வயலுக்கு நீர் பாய்ச்சின.

ஆயினும் சொல் சென்ற இடத்திற்கு நீதியும் உடன் சென்றது என்று கூற இயலவில்லை. அல்கால்தேயின் மேல் 'கோமிசியோனாதோ' என்னும் படைசார்ந்த மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். அவருடைய இசைவின்றி அல்கால்தேயின் முடிவு நிலைக்காது. வாளேந்தியவன் நீதிபதிக்கு மேலே அமரும் ஊரில், மக்கள் முகமூடி வீரனைக் கனவு காண்பதில் வியப்பில்லை.

அடைக்கலமா, சிறையா?

சிறை மீண்ட தொர்ரெஸ் சான் கப்ரியேல் மிஷனில் அடைக்கலம் பெறுவதாகத் தொடர் காட்டுகிறது. மிஷன் என்பது பாதிரிமார் தலைமையில் பழங்குடி மக்களை மதம் மாற்றிக் குடியமர்த்திய இடம். 1769 முதல் 1823 வரை அத்தகைய மிஷன்கள் இருபத்தொன்று எழுந்தன. லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகிலுள்ள சான் கப்ரியேல் 1771இல் நிறுவப்பட்டது. நிலக்கிழாருக்கு அடைக்கலமாகத் தோன்றும் அவ்விடம் அம்மண்ணின் மைந்தர்களுக்கு எவ்வாறிருந்தது?

ஞானஸ்நானம் பெற்ற பழங்குடியினர் அனுமதியின்றி மிஷனைவிட்டு வெளியேறக் கூடாது. தப்பிச் சென்றவர்களைப் படைவீரர்கள் தேடிப் பிடித்து வந்தனர். பிடிபட்டோர்க்குக் கசையடியும் விலங்கும் கிடைத்தன. மணமாகாத பெண்கள் இரவில் தனிக் கூடங்களில் பூட்டி வைக்கப்பட்டனர். நெருக்கடியான அவ்விடங்களில் ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள் ஆயிரக்கணக்கானோரை அழித்தன.

இவற்றை எதிர்த்தவர்கள் இருந்தனர். 1785 அக்டோபரில் டோய்புரினா என்னும் டோங்வா இனப் பெண்ணும், மிஷனில் வாழ்ந்த நிக்கோலாஸ் ஹோசே என்பவரும் பல ஊர் மக்களைத் திரட்டிச் சான் கப்ரியேல் மிஷனைத் தாக்க முனைந்தனர். முன்னோர் வழிவந்த நடனச் சடங்குகள் தடை செய்யப்பட்டது நிக்கோலாஸ் ஹோசேயின் மனத்தைப் பெரிதும் புண்படுத்தியிருந்தது. ஆனால் செய்தி முன்னரே கசிந்தது. காத்திருந்த படைவீரர்கள் அவர்களைச் சிறைபிடித்தனர். விசாரணையின் முடிவில் டோய்புரினா தொலைவிலிருந்த வேறொரு மிஷனுக்கு நாடு கடத்தப்பட்டார். 1799இல் அயலூரிலேயே அவர் உயிர் நீத்தார்.

1824இல் சூமாஷ் இன மக்கள் மூன்று மிஷன்களில் கிளர்ந்தெழுந்தனர். இளைஞன் ஒருவன் கசையடி பெற்றதே அத்தீயை மூட்டிய பொறி. லா பூரிசிமா மிஷனை அவர்கள் ஏறத்தாழ ஒரு மாத காலம் தம் வசம் வைத்திருந்தனர். இறுதியில் பீரங்கியுடன் வந்த படை அவர்களைப் பணியவைத்தது.

பாதிரிமாருள்ளும் மனச்சாட்சி உடையோர் இருந்தனர் என்பதை நாம் மறைத்தலாகாது. அந்தோனியோ தெ லா கொன்செப்சியோன் ஓர்ரா என்பவர், பழங்குடியினர் கொடுமையாக நடத்தப்படுவதாக 1798இல் அரசப் பிரதிநிதிக்கே முறையீடு எழுதினார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதாக அறிவித்து அதற்கு முன்பே மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பியிருந்தனர்.

டோய்புரினாவோ, சூமாஷ் தலைவர்களோ, பாதிரியார் ஓர்ராவோ முகமூடி அணியவில்லை. விடிந்ததும் ஓடி ஒளிய அவர்களுக்கு மாளிகையும் இல்லை. அதற்குச் செல்லும் இரகசிய வழியும் இல்லை. தம் பெயரோடும் முகத்தோடும் நின்று எதிர்த்தனர். அதற்குரிய விலையையும் கொடுத்தனர்.

கதை மறைத்தது எதனை?

தொடரின் பதின்மூன்றாம் கதையில் அரசப் பிரதிநிதியே நேரில் வந்து, மொனஸ்தாரியோவைக் கைது செய்ய ஆணையிடுகிறார். தீயவன் போனான், தீமையும் தீர்ந்தது என்று பார்ப்போர் மனம் நிறைகிறது. வரலாறு அவ்வாறு முடியவில்லை. 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றது. 1830களில் மிஷன்கள் கலைக்கப்பட்டன. பழங்குடியினர்க்கு உரியதாகச் சொல்லப்பட்ட நிலங்களில் பெரும்பகுதி தியேகோவைப் போன்ற குடும்பங்களின் கைக்கே சென்றது. 1850இல் அமெரிக்கக் கலிபோர்னியா இயற்றிய சட்டமோ, வேலையின்றித் திரியும் பழங்குடியினரைப் பிடித்து ஏலத்தில் கூலிக்கு விட இடமளித்தது. லாஸ் ஏஞ்சலிஸிலேயே அவ்வேலம் நடந்தது. கொடி இரண்டு முறை மாறியது. கசையின் கைப்பிடி மட்டுமே கைமாறியது.

தொடரின் பிழை ஸோரோவைப் படைத்தது அன்று. ஒரு தீய மனிதனைக் காட்டி, தீய முறையைக் கண்ணிலிருந்து மறைத்ததே அதன் பிழை. நிலக்கிழாரின் சிறைவாசத்திற்காக நம்மை வருந்தச் செய்தவர்கள், அவரது நிலத்தில் உழைத்தவனின் பெயரைக்கூட நமக்குச் சொல்லவில்லை.

2019இல் கலிபோர்னியாவின் ஆளுநர், பழங்குடி மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக அம்மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார். லாஸ் ஏஞ்சலிஸின் குடியிருப்புப் பகுதி ஒன்றில் டோய்புரினாவின் உருவம் பெரிய சுவரோவியமாக விளங்குகிறது. காலம் தாழ்ந்தேனும் உண்மையின் முகம் வெளிப்படத் தொடங்கியுள்ளது.

நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய கதைகளைக் கண்டு மகிழட்டும். எளியோர்க்காக வாளேந்துபவனை நேசிக்கும் உள்ளம் நல்லுள்ளமே. கதை முடிந்த பின், இதில் காப்பாற்றப்பட்டவர் யார், காட்டப்படாமலே போனவர் யார் என்ற வினாக்களையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். அவ்வினாக்களோடு பார்க்கப் பழகிய பிள்ளை வரலாற்றைத் தானே தேடிப் படிக்கத் தொடங்கும்.