பிரெஞ்சு இந்தியச் சுங்க ஒன்றியம்

பிரெஞ்சு இந்தியச் சுங்க ஒன்றியம் என்பது 1941 ஆம் ஆண்டு பிரித்தானிய இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் செய்துகொண்ட சுங்க உடன்பாடு ஆகும். இதன்படி புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கும் பொருள்களுக்கு இந்தியத் தீர்வையே அறவிடப்பட்டது. எல்லைச் சுங்கச் சோதனைகள் நீங்கின. 1949 ஏப்ரலில் இந்திய அரசு இவ்வுடன்பாட்டை முறித்துக்கொண்டது.

வணிகத்தில் மாற்றம்

ஒன்றியம் முறிந்தபின் இந்தியத் தீர்வை புதுச்சேரியில் செல்லாதாயிற்று. வணிகர் பலர் இறக்குமதியில் இறங்கினர். பொன், வைரம், கைக்கடிகாரம் முதலியன உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சி வந்திறங்கி, இந்தியாவுக்குள் கடத்தப்பட்டன.

எல்லைக் கட்டுப்பாடு

கடத்தலைத் தடுக்க இந்தியா சுங்கச் சாவடிகளை அமைத்தது. புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பு அன்று. அன்றைய தென்னார்க்காடு மாவட்ட ஊர்களுக்கிடையே துண்டு துண்டாக அமைந்தது. ஆகவே அதன் ஊர்களுக்கிடையே செல்லும் சரக்கும் பல இடங்களில் இந்திய மண்ணைக் கடக்க நேர்ந்தது. உணவுப் பொருள்களுக்கும் ஆலைகளுக்கான பஞ்சுக்கும் நகரம் இந்தியாவையே பெரிதும் நம்பியிருந்தது. இறக்குமதி ஆதாயம் இச்சார்பைப் போக்கவில்லை.

முடிவு

1954 இல் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. அவ்வாண்டு மார்ச் 18 அன்று, முன்னர் பிரெஞ்சு ஆதரவாளராயிருந்த எதுவார் குபேர் உள்ளிட்ட தலைவர்கள், பொது வாக்கெடுப்பின்றி இந்தியாவுடன் இணையக் கோரினர். பொருளாதார நெருக்கடி இம்மாற்றத்தின் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 அன்று நிறைவுற்றது.