கழுவிய கையும் நீட்டிய காலும்

பெரிய வியாழன் இரவில் இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆண்டவரே குனிந்தார் என்பதைத்தான் நாம் பெரும்பாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஆனால் சீடர்களுக்கு அவர் இட்ட கட்டளை, ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும் என்பது. எப்போதும் கழுவுகிறவர், எப்போதும் கால் நீட்டுகிறவர் என்ற பிரிவுக்கு அதில் இடமில்லை. முறை மாற்றிக் கழுவிய இடங்களில் இந்த வழக்கம் தாழ்மையாகவே நிலைத்தது. மேலிருந்து கீழே மட்டும் இறங்கிய இடங்களில் பதவிக்கு இன்னோர் அணிகலனாயிற்று.

6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கைப் பாருங்கள். துறவிகள் வாரமுறை வைத்துச் சமையலறை வேலை செய்தார்கள். சனிக்கிழமை, எல்லாரும் கைகால் துடைத்த துண்டுகளை முறை முடிந்தவர் துவைக்க வேண்டும். அடுத்த வாரத்துக்கு வருகிறவரோடு சேர்ந்து அனைவருடைய கால்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். துண்டும் பாத்திரமும் காலும் ஒரே வேலைப் பட்டியலில் வருகின்றன. பார்க்கக் கூட்டமில்லை, புகழ இடமில்லை. இந்த வாரம் கழுவியவர் அடுத்த வாரம் தன் காலை நீட்டுவார். விருந்தினர் வந்தால் மடத்தின் தலைவரும் மற்றவர்களோடு சேர்ந்து குனிய வேண்டும்.

இங்கிலாந்து அரண்மனையில் நடந்தது வேறு. அரசி முதலாம் எலிசபெத் 39 வயதில், பெரிய வியாழனன்று தன் வயதுக்கு இணையாக 39 ஏழைப் பெண்களின் காலைக் கழுவினார். அதற்கு முன்பே சலவைப் பணியாளர்கள் வெந்நீரும் மணமுள்ள பூக்களும் கொண்டு அக்கால்களைக் கழுவியிருந்தார்கள்; தானங்களைக் கவனிக்கும் அதிகாரிகள் இருவர் மறுபடியும் கழுவினார்கள். அழுக்கு முழுதும் போன பிறகே அரசியின் முறை வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் கழுவுவதே நின்றுபோயிற்று. அந்த நாளில் தோல் பையில் வெள்ளிக்காசு வழங்குவது மட்டும் இன்றும் நடக்கிறது. அதிகாரிகள் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். துடைக்கத்தான் கால் இல்லை.

அந்த ஏழைகளுக்குத் துணியும் உணவும் காசும் கிடைத்ததே, அது நன்மையில்லையா என்று கேட்கலாம். நன்மைதான், அதன் பெயர் தானம். தானம் கொடுப்பவர் உயரத்திலேயே இருக்கலாம். சீடர் பேதுரு தன் காலைக் கழுவ விடாமல் முதலில் மறுத்ததை மறக்கக் கூடாது: பிறர் கையில் காலைக் கொடுப்பதற்கும் மனம் தாழ வேண்டும். அரசி ஒருமுறையும் அப்படிக் கால் நீட்டவில்லை. 1632-இல் டோர்ட்ரெக்ட் நகரில் விசுவாச அறிக்கை வெளியிட்ட மெனோனைட்டு என்ற கிறிஸ்தவப் பிரிவினரும், 1708-இல் ஜெர்மனியின் ஷ்வார்ட்செனாவில் தோன்றிய சகோதர சபையாரும் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடையே கழுவியவர் உட்காருவார், உட்கார்ந்தவர் கழுவுவார்.

போப் பிரான்சிஸ் 2013-இல் ரோமின் இளையோர் சிறையில் பெண்கள், முஸ்லிம்கள் உட்படப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். பதவியில் இருப்பவர் குனிவதாலேயே உலகம் திரும்பிப் பார்க்கிறது என்பது நான் சொன்னதற்கு வலுவான மறுப்பு. அந்தச் சிறையை அன்று உலகமே பார்த்தது. 2016-இல் கத்தோலிக்கச் சடங்கின் விதியே மாறி, பெண்களும் முறைப்படி இடம் பெற்றார்கள். கால் நீட்டுகிறவர்களின் வரிசை இப்படி விரிந்தது பெரிய நன்மை. கழுவுகிறவர் மட்டும் இன்னும் குருவானவர் ஒருவரே. அவரும் ஓர் ஆண்டு நாற்காலியில் உட்கார்ந்து, பங்கு மக்களில் ஒருவரிடம் தன் காலைக் கொடுக்கலாம். யோவான் எழுதியதில் அதற்குத் தடை இல்லை.