பழைய கேமரா: சரிசெய்வதா, மாற்றுவதா?

பழுதான கேமராவைச் சரிசெய்வதா, வேறு வாங்குவதா என்பதை உடையவரின் விருப்பத்தைவிட அதன் உள்ளமைப்பே பெரிதும் முடிவுசெய்து வந்திருக்கிறது. 1900-இல் கோடக் நிறுவனம் ஒரு டாலருக்கு விற்ற பிரவுனி, அட்டையால் செய்த எளிய பெட்டி. அந்த விலைக்குப் பழுதுபார்ப்பதைவிட இன்னொன்று வாங்குவதே எளிதாக இருந்தது.

1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா இதற்கு நேர்மாறானது. ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த இந்தச் சிறிய உலோகக் கேமராவை முழுதாகக் கழற்றிப் பூட்டலாம். தூரமானி இணைந்த புது மாடல் 1932-இல் வந்தபோது, பழைய கேமராக்களை வெட்ஸ்லார் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பி, புது மாடலின் தரத்துக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. வரிசை எண் அப்படியே இருக்க, உறுப்புகள் புதுப்பிக்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஜப்பானியக் கேமராக்களில் பலவும் பல்சக்கரமும் சுருள்வில்லுமாக இயங்கியவை. அவற்றின் கோளாறுகள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவை. எண்ணெய் காய்ந்தால், ஒரு நொடிக்கு வைத்த ஷட்டர் இழுத்து இழுத்து மூடும். பழைய பிசுக்கைக் கழுவி, புது எண்ணெய் துளியளவு விட்டால் சரியாகிவிடும். ஷட்டரின் துணித்திரையில் ஊசித்துளை விழுந்திருந்தால், லென்ஸைக் கழற்றி இருட்டில் விளக்கொளி காட்டும்போது புள்ளியாகத் தெரியும். திரையை மாற்ற வேண்டும். பின்கதவோரத்தில் ஒளி புகாமல் காக்கும் ஸ்பாஞ்ச் இற்றுப்போனால் புதியதைக் கத்தரித்து ஒட்டலாம். ஈரக்காற்றில் லென்ஸுக்குள் படரும் பூஞ்சையைத் தொடக்கத்திலேயே துடைத்துவிடலாம். கண்ணாடியை அரித்துவிட்டால் லென்ஸை மாற்றுவதே வழி.

1976-இல் வந்த கேனன் ஏஇ-1 நுண்செயலியைக் கேமராவுக்குள் கொண்டுவந்தது. பேட்டரி தீர்ந்தால் அதன் ஷட்டர் இயங்காது. பல்சக்கரத்தைக் கைத்தேர்ந்த மெக்கானிக் கடைந்து செய்துவிடுவார்; மின்சுற்றில் சில்லு போனால், அதே சில்லு கிடைத்தாக வேண்டும். 1982-இன் நிக்கான் எஃப்எம்2 மாடலில் பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. அது தீர்ந்தாலும் எல்லா வேகங்களிலும் படம் எடுக்கலாம்.

பேட்டரியும் ஒரு சிக்கலாயிற்று. பல பழைய ஒளிமானிகள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு அளவிடப்பட்டவை. சூழலுக்குக் கேடு என்பதால் 1990-களில் அது சந்தையிலிருந்து விலகியது. 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் பல மானிகள் பிழையான அளவு காட்டும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாக-காற்று பேட்டரியைப் பொருத்துவதோ, மின்னழுத்தத்தைக் குறைக்கும் அடாப்டரைச் சேர்ப்பதோ இதற்குத் தீர்வு.

2006-இல் கோனிகா மினோல்ட்டா கேமராத் தொழிலை விட்டு விலகியது போல, தயாரித்த நிறுவனமே தொழிலில் இல்லாதபோது உதிரிபாகம் இன்னொரு பழுதான கேமராவிலிருந்துதான் வரும். எனவே பழுதுபார்ப்பவர் முதலில் எடைபோடுவது மூன்றை: கெட்ட உறுப்பைக் கையால் செய்ய முடியுமா, வேறொன்றிலிருந்து எடுக்க முடியுமா, அந்தச் செலவு அதே மாடலில் நன்றாக இயங்கும் இன்னொன்றின் விலைக்குள் அடங்குமா. முதல் இரண்டுக்கும் இல்லை என்றாலோ, செலவு அந்த விலையைத் தாண்டினாலோ, மாற்றுவதே தகும்.