பத்திரத்தில் இல்லாத பெயர்

‘1964 பான்டியாக் ஜிடிஓ, கன்வெர்டிபிள், முழுக்கப் புதுப்பித்தது, விற்பனைக்கு.’ இப்படி ஒரு விளம்பரம் வந்தால், அமெரிக்காவில் விவரம் தெரிந்தவர் பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் காகிதத்தைக் கேட்பார். மனை வாங்குகிறவர் மூலப் பத்திரம் கேட்பதைப் போலத்தான். காரணம் வேடிக்கையானது. அந்த வருஷத்து ஜிடிஓவில் தொழிற்சாலை பொறித்த அடையாள எண்ணை எப்படிப் படித்தாலும் அது ஜிடிஓ என்று சொல்லாது. வீட்டுக்குத் தெரியாமல் பிறந்த பிள்ளை அது.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை ஓர் உத்தரவு போட்டது: நம் கம்பெனியின் எந்தப் பிரிவும் இனிப் பந்தயத்தில் தலையிடக் கூடாது. பந்தயத்தால் பேர் வாங்கிய பான்டியாக் பிரிவுக்கு இது வயிற்றில் அடித்த மாதிரி. போதாக்குறைக்கு இன்னொரு விதியும் இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் வைக்கக் கூடாது.

பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன். அவரோடு பில் காலின்ஸ், ரஸ் கீ என்று இரண்டு பொறியாளர்கள். டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரை லிஃப்டில் தூக்கி வைத்து அடியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது காலின்ஸ் ஒன்றைச் சொன்னதாகக் கதை. டெம்பெஸ்டில் இருந்தது 326 கன அங்குல எஞ்சின். பெரிய பான்டியாக்குகளில் இருந்தது 389, அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர். இரண்டும் ஒரே வார்ப்புக் குடும்பம். வெளி அளவும் ஒன்று, தாங்கிகளும் ஒன்று. சின்னதை இறக்கிவிட்டுப் பெரியதை ஏற்ற வேண்டியதுதான், எதையும் வெட்டி ஒட்ட வேண்டாம்.

சரி, 330 விதி? தலைமை தடுக்குக்கு அடியில் நுழைந்தால் டிலோரியன் கோலத்துக்கு அடியில் நுழைந்தார். புது மாடல் என்றால்தான் மேலிடக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே உள்ள காருக்கு விருப்பத் தேர்வாக, ரேடியோ வேண்டுமா என்று கேட்பதுபோல, ஒன்றைச் சேர்த்து விற்றால் குழுவிடம் போக வேண்டியதில்லை. ஆகவே ஜிடிஓ, டெம்பெஸ்ட் லெ மான்ஸ் காரில் சுமார் 295 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைக்கும் ஒரு ‘ஆப்ஷன்’ ஆயிற்று. பிரிவின் தலைவர் பீட் எஸ்டஸ் துணிந்து சம்மதித்தார். விற்பனை மேலாளர் ஃபிராங்க் பிரிட்ஜுக்கு நம்பிக்கையே இல்லை. ஐயாயிரத்துக்கு மேல் போகாது என்றார். முதல் வருஷமே 32,450 போயிற்று. அதில் கூரை மடக்கும் கன்வெர்டிபிள் 6,644. இவ்வளவு விற்ற பிறகு மேலிடம் யாரைக் கண்டிக்கும்?

பெயரிலும் ஒரு குறும்பு உண்டு. ஜிடிஓ என்பது ‘கிரான் டூரிஸ்மோ ஓமொலொகாதோ’. பந்தயத்துக்கு ஏற்றது என்று முறைப்படி சான்று பெற்ற கார் என்று இத்தாலியத்தில் பொருள். ஃபெராரியிடமிருந்து கூச்சமில்லாமல் எடுத்த பெயர். பந்தயத்தையே தடை செய்த கம்பெனி, எந்தச் சான்றும் பெறாத காருக்கு இதைச் சூட்டியது. ஃபெராரி பக்தர்கள் கொதித்தார்கள். கொதிக்கட்டும் என்று ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை 1964 மார்ச் இதழில் இரண்டு ஜிடிஓக்களையும் மோதவிட்டது. ஆனால் ஃபெராரி சோதனைக்கு வரவே இல்லை. அட்டையில் இருந்தது ஓவியம். பான்டியாக்கின் விளம்பரக்காரர் ஜிம் வாங்கர்ஸ் பல வருஷம் கழித்து இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்: சோதனைக்குப் போன காரில் இருந்தது 389 அல்ல, 421 கன அங்குல எஞ்சின். பிறப்பில்தான் தில்லுமுல்லு என்றால் வளர்ப்பிலும் அதே.

இப்போது புதுப்பிக்கும் விஷயத்துக்கு வருவோம். மூன்று கார்புரேட்டர் வைத்த ‘ட்ரை-பவர்’ வகை 348 குதிரைசக்தி தந்தது. அதை நிறுத்த நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை வழி. ஓர் இடத்தில் ஒழுகினால் மொத்தப் பிரேக்கும் போச்சு. ஓட விட்டார்கள், நிற்கச் சொல்லித்தரவில்லை. 1967-இல்தான் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரும், கேட்டால் முன் டிஸ்க் பிரேக்கும் வந்தன. ஆகவே இன்று மேம்படுத்துகிறவர்கள் முதலில் டிஸ்க் பிரேக் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். எஞ்சினின் அழுத்த விகிதம் 10.75, இன்றைய பங்க் பெட்ரோலுக்கு அது ஒத்துவராது, இடிக்கும். அதனால் குறைக்கிறார்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்காக வால்வு இருக்கைகளையும் கடினமாக்குகிறார்கள். ஐந்து கியர் பெட்டி, எரிபொருள் இஞ்செக்ஷன், ஏசி எல்லாம் அவரவர் பணம், அவரவர் ஆசை. கழற்றிய பழைய பாகத்தை மட்டும் எறியாமல் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

கன்வெர்டிபிளில் துருதான் எமன். துணிக் கூரை நைந்தால் தண்ணீர் தளத்தில் தேங்கும். மேலே பெயின்ட் பளபளக்க, கம்பளத்துக்கு அடியில் தகடு சல்லடையாகியிருக்கும். பட்டி பூசி மூடிய இடத்தில் காந்தம் ஒட்டாது. வாங்குகிறவர் பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் இருப்பது நல்லது.

1966-இல் ஜிடிஓ தனி மாடலாயிற்று. அடையாள எண் 242 என்று தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு வருஷக் கார்களில்தான் வம்பு. சாதாரண லெ மான்ஸில் பெரிய எஞ்சினை ஏற்றி, சின்னங்களைத் திருகிவிட்டால் ஜிடிஓ ஆகிவிடும். டிலோரியன் செய்ததும் ஏறக்குறைய இதுதானே என்று விற்பவர் வாதாடலாம். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது, விலைதான் படியாது. பான்டியாக் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் 2010-இல் மூடிவிட்டது. ஆனால் ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை அன்று போட்ட பில்லின் நகல் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பிடம் இருக்கிறது. அடையாள எண்ணையும் கட்டணத்தையும் அனுப்பினால் தருவார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அதை வாங்கிப் பாருங்கள்.