கப்பியும் கயிறும்: மேல் சாய்தசை வாத அறுவையின் வரலாறு

பெங்களூருவில் தமிழர் செறிந்து வாழும் ஸ்ரீராம்புரத்தில் 1982-இல் சிறிய அளவில் தொடங்கி, பின்னர் அருகிலுள்ள ராஜாஜிநகரில் பெருவளர்ச்சி பெற்றது நாராயணா நேத்ராலயா. அத்தகைய மருத்துவமனைக்கு வந்து சேரும் ‘மாறுகண்’ என்னும் தமிழ்ச்சொல், கண் உள்ளே திரும்புவதையும் வெளியே விலகுவதையும் மேலேறுவதையும் வேறுபடுத்துவதில்லை. அதிர்ஷ்டக் கண் என்று சிகிச்சையின்றி விட்டுவிடுவோரும் உண்டு. ஒரு கண் மேலேறும் வகையோ பலவேளை கண்நோயாகவே தெரிவதில்லை. இரட்டைப் பார்வையைத் தவிர்க்கக் குழந்தை தலையை ஒருபுறம் சாய்த்துக்கொள்ள, வீட்டார் கழுத்தில் கோளாறு என்று எண்ணிவிடுகின்றனர்.

இந்நிலைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று மேல் சாய்தசையின் வாதம். இத்தசையின் நாண், கண்குழியின் மேல் உள்மூலையிலுள்ள குருத்தெலும்பு வளையத்துள் நுழைந்து, திரும்பி வந்து விழியைப் பற்றுகிறது. இவ்வமைப்பை ஃபலோப்பியோ 1561-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். கப்பியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே நான்காம் மண்டை நரம்புக்கும் பெயராயிற்று. கிணற்றுக் கப்பியில் கயிறு தளர்ந்தால் வாளி தாழும். இங்கோ கயிறு தளர்ந்தால் கண் மேலேறும்.

1839-இல் பெர்லினில் டீஃபன்பாக் மாறுகண்ணுக்குத் தசையை வெட்டியது உள்திரும்பிய கண்ணில். மேல்விலகலில் குற்றவாளித் தசையைக் கண்டறிவதே கடினம். 1900-இல் ஹோஃப்மனும் பீல்ஷோவ்ஸ்கியும் விளக்கிய தலைசாய்ப்புச் சோதனையும், 1958-இல் பார்க்ஸ் வகுத்த மூன்றுபடி முறையும் அதற்கு வழிவகுத்தன.

பிறகே உண்மையான விவாதம் எழுந்தது: தளர்ந்த தசையை மடித்துத் தைத்து இறுக்குவதா, அதன் எதிர்த்தசையான கீழ் சாய்தசையைத் தளர்த்துவதா? முதல் வழி தருக்கத்துக்கு இயல்பாகப் பொருந்துவது. ஆயினும் அளவு மீறினால் மூக்குப் பக்கம் திரும்பிய கண் மேலே எழாது. 1950-இல் பிரவுன் விவரித்த நோய்க்குறியையே கத்தி உண்டாக்கிவிடும். 1974-இல் நாப், எத்திசைப் பார்வையில் விலகல் மிகுகிறது என்பதைக்கொண்டு நோயை வகுத்து, அதற்கேற்பத் தசையைத் தெரிந்தார். எதிர்த்தசை மிகுதியாக இயங்கினால் அதனைத் தளர்த்துவது. மேல் சாய்தசையின் குறைவே மிகுந்தால் அதனை மடிப்பது. விலகல் பெரிதாயின் இரு தசைகளில் அறுவை. காட்சி சுழன்று தெரிவதே முதன்மைத் துன்பமெனில், நாணின் முன்னிழைகளை மட்டும் முன்னகர்த்தும் ஹராடா–இட்டோ முறை (1964) வேறொரு தேர்வு.

1992-இல் ஹெல்வெஸ்டன் குழுவினர் விவாதத்தின் அடித்தளத்தையே அசைத்தனர். பிறவி ‘வாதம்’ எனப்பட்டவற்றுள் பெரும்பாலானவற்றில் நாணே தொய்ந்தோ, இடம் மாறியோ, இல்லாமலோ இருந்தது. அந்நிலையில் வாதம் என்னும் பெயரே பிழை. இல்லாத நாணை இறுக்கவும் இயலாது. இறுக்கமான நாணை மடிப்பது தீங்கு. ஆகவே மயக்க மருந்து தந்தபின் விழியைப் பற்றி இழுத்து நாணின் தொய்வை உணரும் சோதனை (கைட்டன், 1981) மடிப்புக்கு முன்னர் வருகிறது.