பதிவேட்டில் இடம்பெறாத தொழில்

1957ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசத்து இளைஞர் ஒருவருக்குத் திருமணம் நடைபெறவிருந்தது. மணமகன் தமது தொழிலைக் கூறிப் பதிவேட்டிலே எழுதுவிக்க வேண்டுமென்பது அந்நாட்டு வழக்கம். "நிரலாளர்" என்றார் அவர். கணிப்பொறி ஆற்றவேண்டிய வேலையைப் படிப்படியான கட்டளைகளாக எழுதிக் கொடுப்பவர் என்பது அதன் பொருள். அத்தகைய தொழில் ஒன்று உண்டென அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஈற்றிலே, "கோட்பாட்டுப் பௌதிகவியலாளர்" என்றே பதிவேட்டில் எழுதப்பட்டது.

அந்த மணமகனே எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1972ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த சிறப்பாகிய டியூறிங் விருதை ஏற்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் உரையாற்றியபோது, இந்நிகழ்ச்சியை அவரே எடுத்துரைத்தார். கேட்பதற்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அவருடைய வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்ட வினா இதனுள் அடங்கியிருக்கின்றது. நிரல் எழுதுவது வெறும் கைத்திறனா, அன்றி அறிவுத்துறையா என்பதே அவ்வினா.

டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் றொட்டர்டாம் நகரிலே பிறந்தவர். தந்தையார் இரசாயனவியலாளர், தாயார் கணிதம் கற்றவர். லெய்டன் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் பயின்றுகொண்டிருந்த காலத்தில், 1951ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரில் நடைபெற்ற மூன்று வார வகுப்பொன்றுக்குச் சென்றார். எட்சாக் என்னும் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் முறையை அங்கே கற்றார். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திலே அம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் நிரலாளராக வேலையேற்றார். ஒல்லாந்து தேசத்தின் முதல் நிரலாளர் அவரே என்பர்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஒரு காலைப் பௌதிகத்திலும் மறு காலை நிரலாக்கத்திலும் ஊன்றி நிற்பது இயலாதென்பது அவருக்குப் புலனாயிற்று. ஆனால் எதைக் கைவிடுவது? யந்திரத்தை ஆக்கிய பொறியியலாளரிடம் அவர் அறிந்தது யாதெனக் கேட்டால், வெற்றிடக் குழாய்களையும் மின்பெருக்கிகளையும் காட்டி விடையிறுப்பார். நிரலாளரைக் கேட்டாலோ வெறுங்கையுடன் நிற்கவேண்டியதே. இந்த மனக்கலக்கத்தோடு டைக்ஸ்ட்ரா தம் தலைவராகிய வான் வைன்கார்டனை அணுகினார். அவர் பொறுமையாகக் கேட்டார். நிரலாக்கம் இன்னும் துறையென்று சொல்லத் தகுந்த நிலையை அடையவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆயின், கணிப்பொறிகள் நிலைத்து நிற்கப் போகின்றன, இது தொடக்கமே, இதனை மதிப்புக்குரிய துறையாக்க வல்லவர்களுள் நீரும் ஒருவராகலாமே என்று கூறினார். அந்த அறையை விட்டு வெளியேறியபோது தாம் வேறொரு மனிதராக இருந்ததாக டைக்ஸ்ட்ரா பின்னாளிலே குறிப்பிட்டார்.

1956ஆம் ஆண்டிலே அந்நிலையம் ஆர்மாக் என்னும் புதிய கணிப்பொறியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்ட விரும்பிற்று. பாமரரும் விளங்கிக்கொள்ளத்தக்க கணக்கு ஒன்று வேண்டும். ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குச் செல்லும் மிகக் குறுகிய பாதை எது? இதைவிட எளிதாக விளங்கும் வினா வேறு யாது? அம்ஸ்டர்டாமிலே தம் வருங்கால மனைவியோடு கடைவீதியிற் சுற்றிக் களைத்துத் தேநீர்ச்சாலையொன்றின் முற்றத்திலே காப்பி அருந்திய வேளையில், காகிதமும் பென்சிலும் இன்றி, இருபது நிமிடத்திலே அதற்குரிய வழியை அவர் மனத்தாற் கண்டார். புறப்பட்ட இடத்துக்கு அண்மையிலுள்ள நகரை முதலிலே முடிவுசெய்து, பின்பு அடுத்து அண்மையிலுள்ளதை நிச்சயித்து, இவ்வாறே ஒவ்வொன்றாக விரிந்து செல்வதே அம்முறை. ஒல்லாந்தின் 64 நகரங்களைக் கொண்டு அது செய்து காட்டப்பட்டது. 1959ஆம் ஆண்டிலே மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்த இம்முறை, இன்று இணைய வலையிலே செய்திகளுக்கு வழிகாட்டும் யந்திரங்கள் பலவற்றினுள்ளும் இயங்குகின்றது. எழுதுகோல் இல்லாமையே சிக்கலைத் தவிர்க்குமாறு தம்மை வற்புறுத்திற்று என்பது அவர் கருத்து.

ஆனால் அவர் உள்ளத்தைத் திருப்பிய அனுபவம் இவ்வெற்றியன்று. ஓர் அச்சமே என்க. எக்ஸ்-1 என்னும் அடுத்த கணிப்பொறியை ஆக்கியோர் அதிலே புதியதொரு வசதியைச் சேர்க்க விரும்பினர். தட்டச்சுப்பொறி போன்ற வேகங் குறைந்த கருவிகளுக்காகக் கணிப்பொறி காத்திருக்க வேண்டியதில்லை. அக்கருவி தன் வேலை முடிந்ததும் குறுக்கிட்டு அறிவிக்கும். நல்ல யோசனைதான், ஆயினும் டைக்ஸ்ட்ரா திடுக்குற்றார். குறுக்கீடு எக்கணத்தில் நிகழுமென எவரும் கூறவியலாது. ஆகவே ஒருமுறை தோன்றிய பிழை மறுமுறை தோன்றாமற் போகலாம். மீண்டும் தோன்றாத பிழையை எவ்வாறு கண்டுபிடிப்பது? சில மாதங்கள் தயங்கியபின்னரே அவர் உடன்பட்டார். பரிசோதித்துப் பிழை திருத்துவது மட்டும் போதாது. நிரல் சரியானதென முன்கூட்டியே நியாயங்காட்டி நிறுவவேண்டும் என்னும் கொள்கை அவரிடத்தே இவ்வாறு வேரூன்றிற்று. எத்தனை பரிசோதனை செய்தாலும், பிழை உண்டென்று காட்டலாமேயன்றி இல்லையென்று காட்டவியலாது என அவர் பிற்காலத்திலே பன்முறை வற்புறுத்தினார்.

1960ஆம் ஆண்டு ஓகஸ்டிலே சொன்வெல்ட் என்னும் தோழரோடு சேர்ந்து, அல்கோல் 60 என்னும் நிரல்மொழியை யந்திரக் கட்டளையாக மாற்றித்தரும் நிரலை அவர் முடித்தார். வேலை முடியும்வரை முகச்சவரம் செய்வதில்லை என இருவரும் உறுதி பூண்டிருந்தனராம். முடிந்ததும் தோழர் தாடியை நீக்கினார். டைக்ஸ்ட்ராவின் தாடியோ அவருடன் நிலைத்துவிட்டது.

1962ஆம் ஆண்டிலே ஐண்ட்கோவன் நகரிற் பேராசிரியரானார். ஒரே வேளையிற் பல வேலைகளைக் கவனிக்கும் இயக்க முறைமையொன்றைச் சிறு குழுவோடு அங்கே ஆக்கினார். அத்திவாரத்தின்மேல் ஒவ்வொரு மாடியாக எழுப்புவது போல, ஓர் அடுக்கு சரியென உறுதிப்பட்ட பின்னரே அடுத்த அடுக்கு அதன்மேல் அமைக்கப்பட்டது. ஒரு கருவியைப் பல வேலைகள் மோதலின்றிப் பகிர்ந்துகொள்ளும் உபாயத்துக்கு, புகையிரதப் பாதையின் கைகாட்டியின் பெயரையே அவர் இட்டார். 1968ஆம் ஆண்டு மார்ச்சிலே, நிரலின் ஓட்டத்தை நினைத்த இடத்துக்குத் தாவச் செய்யும் கட்டளையைக் கண்டித்து அவர் எழுதிய கடிதம் பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. "தீங்கானது" என்னும் காரமான தலைப்பை இட்டவர் அவரல்லர். பத்திரிகாசிரியராகிய நிக்ளவுஸ் விர்த்.

அவ்வாண்டு ஒக்டோபரிலே ஜேர்மனியின் கார்மிஷ் நகரிற் கூடிய அறிஞர்கள், பெரிய நிரல்கள் காலந்தாழ்ந்தும் செலவு மிகுந்தும் பிழை மலிந்தும் வருவதை ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டனர். இதன் காரணத்தைத்தான் 1972ஆம் ஆண்டு உரை ஆராய்ந்தது. கணிப்பொறி இல்லாத காலத்திலே நிரலாக்கம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. சிறிய கணிப்பொறிகள் வந்தபோது அது சிறு பிரச்சினையாயிற்று. அவை பேருருக் கொண்டபோது பிரச்சினையும் பேருருக் கொண்டது என்றார். யந்திரம் வளர்ந்தது, மனிதனுடைய தலையோ வளரவில்லை. தன் மண்டையோட்டின் அளவை அறிந்தவனே நல்ல நிரலாளன் என்பதே அவ்வுரையின் சாரம். சாமர்த்தியமான தந்திரங்களைத் தொற்றுநோய் போல் விலக்குமாறு அவர் அறிவுறுத்தினார்.

இதனை எல்லோரும் ஏற்றனர் என்பதற்கில்லை. அவர் பேச்சு மிகக் கடுமையானதென்றும், பெரிய நிரல்களைக் கணிதமுறையில் நிறுவுதல் நடைமுறைக்கு ஒவ்வாதென்றும் பலர் வாதித்தனர். இன்றும் பெரும்பாலான நிரல்கள் பரிசோதனையை நம்பியே வெளிவருகின்றன. எனினும், தாவிச் செல்லுதலை விலக்கி, ஒழுங்காகக் கட்டமைத்து எழுதும் முறை இன்று மாணவர் கற்கும் முதற்பாடமாகிவிட்டது.

1984ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரை அமெரிக்காவிலே, ஒஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் கற்பித்த டைக்ஸ்ட்ரா, கணிப்பொறியையே அரிதாகத்தான் கையாண்டார். ஊற்றுப்பேனாவினால் அழகுற எழுதி, இலக்கமிட்டு, நண்பர்க்கு அனுப்பிய கட்டுரைகள் 1300க்கு மேற்பட்டவை. பெற்றோர் பிரதியெடுத்துப் பிறருக்குக் கொடுக்க, அவை உலகெங்கும் பரவின. அகல உழுவதினும் ஆழ உழுவது நன்று என்னும் நம் முதுமொழிக்கு அவர் வாழ்வு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

2002ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6ஆம் நாள், ஒல்லாந்து தேசத்து நியூனன் என்னும் ஊரில், 72ஆம் வயதிலே அவர் காலமானார். இளமையில் அவருக்கு மறுக்கப்பட்ட தொழிற்பெயரை இன்று எந்த நாட்டுப் பதிவேடும் மறுப்பதில்லை. அப்பெயரைத் தாங்குவோர் எண்ணற்றோர். ஆனால் பெயர் கிடைத்தமையால் மட்டும் தொழில் மதிப்படைந்துவிடுமா? வைத்தியசாலைகளும் வங்கிகளும் ஆகாய விமானங்களும் நிரல்களை நம்பி இயங்கும் இக்காலத்திலே, "இது சரியென உமக்கு எவ்வாறு தெரியும்?" என்று அவர் எழுப்பிய வினா, நிரலாளர் ஒவ்வொருவரும் விடையிறுக்க வேண்டிய வினாவாகவே இருக்கின்றது.