இரைப்பைப் புற்றுநோய்: அறுவை முறையைத் தேர்ந்தெடுத்தல்

இரைப்பைப் புற்றுநோய்க்கு எந்த அறுவை என்றால், வயிற்றைத் திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா என்றே நோயாளியின் வீட்டார் பெரும்பாலும் கேட்கிறார்கள். மருத்துவர்கள் முதலில் முடிவு செய்வது, எவ்வளவு அகற்றுவது என்பதை.

1881 சனவரி 29 அன்று வியன்னாவில் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் ஒரு பெண்ணின் புற்றுள்ள கீழ்ப்பகுதி இரைப்பையை வெட்டி, மிச்சத்தை முன்சிறுகுடலோடு தைத்தார். இந்நோய்க்கு வெற்றி பெற்ற முதல் அறுவை அது. அறுவையைத் தாங்கிய அப்பெண், நோய் திரும்பியதால் சுமார் நான்கு மாதங்களில் இறந்தார். கட்டியோடு, நோய் பரவும் நிணநீர்க்கணுக்களையும் எடுக்க வேண்டும் என்பது பின்னாளில் தெளிந்த பாடம்.

சளிச்சவ்வைத் தாண்டாத, 2 செ.மீ.க்கு மேற்படாத, புண்ணில்லாத, நன்கு வேறுபட்ட வகைக் கட்டியை எண்டோஸ்கோப்பி வழியாகவே உரித்தெடுக்கலாம். ஆழம் கூடிய கட்டி கீழ்ப்பகுதியில் இருந்தால் பகுதி அகற்றம். மேற்பகுதியிலோ சுவர் முழுவதுமோ பரவியிருந்தால் பெரும்பாலும் முழு அகற்றம். ஊடுருவிப் பரவும் கட்டிக்கு 5 செ.மீ. ஓரம் விட்டு வெட்டச் சொல்கிறது ஜப்பானிய வழிகாட்டி. முழு இரைப்பையும் போனவருக்குக் குடலை உணவுக்குழாயோடு இணைப்பார்கள். அவர் ஆயுள் முழுக்க வைட்டமின் பி12 எடுத்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும்.

முற்றிய கட்டியென்றால் முதலில் துளை வழியே கேமராவை வயிற்றறைக்குள் விட்டுப் பார்ப்பது நல்லது. வயிற்றறையின் உள்ளுறையில் வெள்ளை முடிச்சுகள் தெரிகின்றனவா என்று தேடி, உப்புநீர் விட்டு அலசி, அந்த நீரைப் புற்றுச்செல் சோதனைக்கு அனுப்புவார்கள். ஸ்கேனில் சிக்காத பரவல் இங்கே அகப்படும். அப்படிப் பரவியவர்களுக்கு, கீமோவுக்கு முன் இரைப்பையை எடுத்துவிடுவது ஆயுளைக் கூட்டவில்லை என 2016இல் வெளியான ஜப்பான்-கொரியா ஆய்வு காட்டியது. பரவாத, ஆனால் ஆழம் கூடிய கட்டிக்கு மேற்கு நாடுகளில் அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ தருவது வழக்கம்.

கணுக்களை எவ்வளவு தூரம் எடுப்பது என்பதில் நெடுநாள் சச்சரவு இருந்தது. இரைப்பையை ஒட்டிய கணுக்களோடு, அதற்கு இரத்தம் தரும் தமனிகளை ஒட்டியவற்றையும் எடுக்கும் 'டி2' முறை ஜப்பானில் நிலைபெற்றது. நெதர்லாந்து ஆய்வில் அறுவையை ஒட்டிய இறப்பு டி2 குழுவில் 10%, குறுகிய அறுவையில் 4%. மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் சேர்த்து அகற்றியது அதற்கு முக்கியக் காரணம். ஆனால் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது புற்றால் இறந்தவர்கள் டி2 குழுவில்தான் குறைவு. எனவே இன்று மண்ணீரலை விட்டுவைத்து, கைதேர்ந்தவரே டி2 செய்வது ஏற்கப்பட்ட வழி.

இவற்றை முடிவு செய்த பிறகே, துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா என்ற கேள்வி. 1991இல் ஜப்பானில் கிதானோ குழு தொடங்கிய இம்முறை, தொடக்கநிலை நோயில் திறந்த அறுவைக்கு இணை என்று கொரிய ஆய்வு காட்டியது. முற்றிய நோயில் கீழ்ப்பகுதி அகற்றத்துக்குச் சீன ஆய்வு மூன்றாண்டு நோயின்றி வாழ்ந்தோரை ஒப்பிட்டது: லேப்ராஸ்கோப்பியில் 76.5%, திறந்த முறையில் 77.8%. துளை அறுவையை ரோபோ கொண்டும் செய்யலாம், ஆனால் செலவு கூடுதல்.

இரைப்பை ஓட்டையாகி வருபவருக்கு இந்த வரிசை செல்லாது. பல நேரங்களில் முதலில் ஓட்டையை அடைத்து ஆளைத் தேற்றிவிட்டு, புற்றுக்கான அறுவையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பார்கள்.